வடக்குச் சுவர்க் குழாய்

மூன்று மணிக்கே காற்று நின்றுவிட்டது. சீகை மரத்தின் உச்சி இலைகூட அசையவில்லை, வானத்தில் கைக்குட்டை அளவுக்குக்கூட ஒரு மேகம் இல்லை, ஊட்டிப் பக்கம் தை மாதத்தில் இப்படி ஒரு நீலம் வந்தால் விடிவதற்குள் புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல வெளுத்துக் கிடக்கும், அது கனகசபைக்குத் தெரியும், எழுபது வயதுக்கு அதுகூடவா தெரியாது, ஆனால் தெரிந்தது அதோடு சரி. அதற்கு மேல் செய்ய வேண்டியதையெல்லாம் இந்த வீட்டில் வேறொருவன் செய்தான். வெங்காயம் நறுக்குகிற கத்தியை வைத்துக்கொண்டு அவர் வடக்குச் சுவரின் முன்னால் நின்றார். ஐப்பசியிலிருந்து மாசி வரை வெயில் எட்டிப் பார்க்காத சுவர். மேட்டுத் தொட்டியிலிருந்து மண்ணுக்கடியில் வருகிற இரும்புக் குழாய் இங்கேதான் வெளியே வந்து, ஆள் உயரம் ஏறி, உச்சியில் ஒரு வளைவு வளைந்து சமையலறைக்குள் போகிறது. போன வருஷத்துச் சாக்கு அதன்மேல் கறுத்துப்போய்த் தொங்கியது. சாக்குக்கு மேல் உரப் பை, உரப் பைக்கு மேல் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டிய கட்டு. எல்லா முடிச்சும் இடது கைக்காரன் முடிச்சு. பக்கத்துத் தோட்டத்து ஜோகி இடது கைக்காரன். காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் காரட் பாத்தியில் நின்றுகொண்டு, "டிரைவரண்ணா, சாக்கு நைஞ்சு போச்சு, நாலரைக்கு வரேன், மாத்திக் கட்டிரலாம்" என்று கத்தினான். கட்டலாமா என்று கேட்கவில்லை, சொன்னான். தன் வீட்டுக் குழாயைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான். நாலரைக்கு முன்னால் இந்தச் சுவரில் அவன் கை பட்டது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று கனகசபை அப்போதே முடிவு செய்துவிட்டார். கத்தியை முதல் முடிச்சில் வைத்தார். டியூப் ரப்பர் அறுபடும்போது ஒரு நாற்றம் வந்தது, பழைய பஸ் டிப்போ நாற்றம், அது அவருக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது முடிச்சை அறுக்கும்போது அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. வரும் என்று தெரியும். இந்தக் குழாய்ப் பக்கம் வந்தால் அது வரும், இருபத்தாறு வருஷமாக வருகிறது. அன்றைக்கு அவர் மேட்டுப்பாளையத்தில் இரவு தங்கி, முதல் வண்டியை ஓட்டிக்கொண்டு மலையேறி, டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு ஏழு மணிக்கு நடந்து வருகிறார். கல்லட்டிப் பிரிவில் புல்லெல்லாம் வெள்ளை. கீழே அவர் கொசுவுக்குள், வியர்வைக்குள், பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியின் பின் சீட்டில் படுத்துக் கிடந்த அதே இரவில் இங்கே குழாய் உறைந்திருக்கிறது. ஒரே ராத்திரிதான், அவருக்கு விசிறி, வீட்டில் பெண்டாட்டிக்குக் கம்பளி. சந்து திரும்பியதும் தெரிந்தது. ஜோகி கையில் கெட்டில். அவருடைய கெட்டில், அவர் முகம் மழிக்க வெந்நீர் வைக்கிற, மூக்கு நசுங்கின கெட்டில். சுலோச்சனா தலையோடு சால்வை போர்த்திக்கொண்டு, ஒரு கையைக் குழாயின்மேல் வைத்துக்கொண்டு நிற்கிறாள். குழாயைப் பார்த்து அவள் ஏதோ சொன்னாள். சொன்னது காதில் விழவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் தலையைப் பின்னால் தள்ளிக்கொண்டு, அவள் சால்வை நுனியை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு. அவரைப் பார்த்ததும் நின்றது. நின்றதுதான். சிரித்துக்கொண்டே இருந்திருந்தால், வாங்க இங்க பாருங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒன்றுமே இல்லை. "வந்துட்டீங்களா, காப்பி போடறேன்" என்று உள்ளே போய்விட்டாள். அவன் கெட்டிலைத் திண்டின்மேல் வைத்துவிட்டு, "தண்ணி வந்துருச்சுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வேலியைத் தாண்டிப் போனான். என்ன சொன்னாள்? காப்பி குடிக்கும்போது கேட்டிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. காப்பி நன்றாக இருந்தது, அதனால் கேட்கவில்லை. அப்புறம் கேட்காமலேயே நாளாகிவிட்டது, ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் ஒரு வருஷமாக இதையா நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்பாள், பத்து வருஷம் கழித்துக் கேட்டால் பைத்தியம் என்பாள், பேசாமல் இருப்பதுதான் ஆம்பளைத்தனம் என்று இருந்தார், இப்போது கேட்பதற்கு அவள் இல்லை.

சாக்கை இழுத்தார். அது ஈரத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கிழிந்து, நாலு மாசத்துப் பூஞ்சையோடு கையில் வந்தது. நாலு மாசம். அவள் போயும் நாலு மாசம்தான். ஆசுபத்திரியில் காய்ச்சல் ஏறிக் கிடந்தபோது, அது புரட்டாசி, வெளியே மழை, குளிருக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது, அவள் கண்ணைத் திறக்காமல், "பைப்புக்குச் சாக்குக் கட்டியாச்சா" என்று கேட்டாள். அவர் சும்மா, அந்த நேரத்துக்கு வாயில் வந்ததை, "ஜோகி கட்டிட்டான்" என்று சொன்னார். அவள் முகம் லேசாகிவிட்டது. நெற்றியில் இருந்த சுருக்கம் போய்விட்டது. எதற்காகப் போனது? சாக்குக் கட்டியாயிற்று என்பதற்கா, ஜோகி என்ற பேருக்கா? நான் கட்டிட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்தச் சுருக்கம் போயிருக்குமா? போயிருக்காது என்றுதான் தோன்றுகிறது. இவரா, இவருக்கு என்ன தெரியும், போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுந்து உட்கார்ந்திருப்பாள். அப்படி எழுந்து உட்கார்ந்திருந்தால் இன்னும் இரண்டு நாள் இருந்திருப்பாளோ என்னவோ. இது என்ன நினைப்பு. சாக்கைச் சுருட்டிக் குப்பையில் எறிந்தார். இரும்பு வெறுமையாக நின்றது. அங்கங்கே பச்சைப் பெயிண்ட், மற்ற இடமெல்லாம் துரு. உள்ளங்கையால் பிடித்துப் பார்த்தார், மூன்றரை மணிக்கே எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. இங்கேதான் அவள் கை வைத்திருந்தாள். இல்லை, இன்னும் கொஞ்சம் மேலே.

சட்டைப் பையில் போன் அடித்தது. திருப்பூரிலிருந்து மகள். "என்னப்பா மூச்சு வாங்குது, என்ன செய்யறீங்க?" குழாய்க்குச் சாக்குச் சுற்றுகிறேன் என்றார். "நீங்களா?" என்றாள். அந்த 'நீங்களா' அவருக்குப் பிடிக்கவில்லை. "ஏன், எனக்குக் கை இல்லையா?" "அதுக்கில்லப்பா, ஜோகி மாமாவக் கூப்பிட வேண்டியதுதான? அம்மா இருந்தா உங்களத் தொட விட்டிருக்குமா? ராத்திரி குழாய மட்டும் லேசாத் தெறந்து விடுங்க, நூல் மாதிரி விடணும்." சரி என்று வைத்துவிட்டார். நூல் மாதிரி. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் உறையாது, அதனால் உறைபனி ராத்திரியில் சமையலறைக் குழாயைத் துளி அளவு திறந்து விட வேண்டும், அதற்கு ஜோகி சொல்கிற வார்த்தை அது. முதலில் அவன் வாயில் இருந்தது. அப்புறம் சுலோச்சனா வாயில் வந்தது, "நூல் மாதிரி விட்டாப் போதும்" என்று படுக்கப் போகும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள், அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருப்பார், அது படுக்கையறைக்குள் செருப்போடு நடந்து வந்தது போல இருக்கும். இப்போது திருப்பூரில் மகள் வாயில். அங்கே குழாய் உறையவா போகிறது? அவருடைய வார்த்தை எதுவும் இப்படி யார் வாயிலும் போய் ஏறவில்லை. முப்பத்திரண்டு வருஷம் மலைப்பாதையில் வண்டி ஓட்டினவன் சொன்ன ஒரு சொல்லாவது, ஏற்றத்தில் கியரைப் பற்றிச் சொன்ன ஏதாவது, பிரேக்கைப் பற்றி, இந்த வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாரா? இல்லை. யாருக்கும் அது தேவைப்படவில்லை.

கோணியை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்திருந்தார். ஸ்டூல்மேல் ஏறி உச்சியில், வளைவுக்குக் கீழே ஆரம்பித்தார். சுற்றுவது அவருக்குத் தெரிந்த வேலைதான், ஸ்டியரிங் வளையத்துக்குப் பிளாஸ்டிக் நாடா சுற்றுவதில் டிப்போவிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் மயிரிழை நுழையாது, ஆறு மாசம் வியர்வைக் கை பட்டாலும் நழுவாது. அதே கணக்கில் இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டு மேலேயிருந்து கீழே இறங்கினார். முழங்கால் வலித்தது. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் வீட்டிலேயே இருந்தார், அப்போதும் மார்கழி பிறந்தால் ஜோகிதான் வருவான், அவர் உள்ளே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சுவருக்கு அந்தப் பக்கம் கோணி கிழிகிற சத்தம், அவள் குரல், அவன் குரல், கொஞ்ச நேரம் குரல் இல்லாமல் இருக்கும், அப்போது அவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார். எழுந்து வெளியே போயிருக்கலாம். நானும் பிடிக்கிறேன் என்று ஒரு நுனியைப் பிடித்திருக்கலாம். முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டார், அப்போது வலி இல்லை, இப்போதுதான் வலி. அவனுக்கு ரெண்டு மைல் தள்ளி அவன் ஊர் ஹட்டியில் பெண்டாட்டி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கின்றன, உறைபனிக் காலத்தில் மட்டும் பயிரைக் காக்க வேலிக்கு அந்தப் பக்கத் தகரக் கொட்டகையில் தனியாகப் படுக்கிறான், விடியுமுன் எழுந்து காரட் இலைமேல் படிந்த பனியைத் தண்ணீர் தெளித்துக் கழுவுகிறான், நல்லவன்தான், சுலோச்சனாவை அக்கா என்றுதான் கூப்பிட்டான், தப்பாக ஒன்றும் அவர் நினைக்கவில்லை. தப்பாக நினைத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், முடிந்திருக்கும். இது தப்பில்லை, அதனால்தான் முடியவில்லை. அவள் அவரிடம் அப்படிச் சிரித்ததில்லை, சால்வையை வாயில் அமுக்கிக்கொண்டு. அல்லது சிரித்திருக்கிறாளா? கல்யாணமான புதிதில்? யோசித்துப் பார்த்தார். மல்லிகைப் பூவாசம் ஞாபகம் வந்தது, ஒரு நீலச் சேலை ஞாபகம் வந்தது, சிரிப்பு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராததும் அவன் குற்றமாகவே தோன்றியது.

உரப் பையைச் சுற்றி, கயிறு கட்டி, தள்ளி நின்று பார்த்தார். அழகாகத்தான் இருந்தது, ராணுவக்காரன் காலில் பட்டி கட்டியது போல. கடைசியில் வளைவுக்குச் சாக்குப் போதவில்லை, அது மட்டும் மொட்டையாகத் துருத்திக்கொண்டு நின்றது. அதற்குள் வேலிக் கதவு கிறீச்சிட்டது. தோளில் இரண்டு புதுச் சாக்கோடு ஜோகி நின்றான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. அவன் குழாயைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மறுபடியும் குழாயைப் பார்த்தான்.

"யாருங்கண்ணா கட்டினது?"

"ஏன், நான்தான்."

"ஸ்டியரிங்குக்குச் சுத்துன மாதிரி இருக்குது."

"நல்லா இறுக்கமா இருக்கில்ல?"

"இறுக்கமாத்தான் இருக்குது. அதான் வம்பு." உரப் பையை ஒதுக்கி, விரலைச் சாக்கின் மடிப்பில் விட்டுப் பார்த்தான். "லூசா இருக்கணுங்கண்ணா, உள்ள காத்து நிக்கணும், அந்தக் காத்துதான் கம்பளி. அப்புறம் மேலருந்து கீழ சுத்தியிருக்கீங்க. மடிப்பெல்லாம் மேல பாத்து வாயைத் தெறந்துட்டு நிக்குது. பனித்தண்ணி பூராவும் உள்ள எறங்கும். கீழருந்து மேல ஏறணும், ஓடு வேஞ்ச மாதிரி. ஈரச் சாக்கக் கட்டறதுக்கு சும்மாவே விட்றலாம்." கட்டை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டான், கேட்காமலேயே. இடது கையால். "அக்கா பாத்திருந்தா சிரிச்சிருக்கும்" என்றான்.

கனகசபைக்குக் காதில் ஏதோ அடைத்தது போலிருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி ஏறும்போது பர்லியாறு தாண்டியதும் அடைக்குமே, எச்சில் விழுங்கினால்தான் விடுமே, அப்படி. விழுங்கினார். "அன்னிக்கு என்னத்துக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்டுவிட்டார். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"என்னிக்குங்கண்ணா?"

"குழாய் உறைஞ்ச அன்னிக்கு. நான் முதல் வண்டியில வந்தேன். நீ கெட்டில் வெச்சிருந்தே."

"அக்காகூடச் சிரிச்சது ஒரு நாளா ரெண்டு நாளா" என்றான் ஜோகி. அவன் சாக்கைக் கீழே போட்டுவிட்டு யோசித்தான். அப்புறம் அவன் முகத்தில் அது வந்தது, அவர் பார்த்தார், அந்தக் காலையே அவன் முகத்தில் வந்தது. "ஓ. அதா. அதச் சொன்னாக் கோவிச்சுக்குவீங்கன்னு அக்கா சொல்லக் கூடாதுன்னுச்சு."

"சொல்லு. நான் கோவிச்சு என்ன ஆகப் போகுது?"

"கொழா உறைஞ்சா அக்கா அதுக்கு உங்க பேருதான் வெக்கும். வெந்நி ஊத்திக்கிட்டே உங்கள எழுப்பற மாதிரி எழுப்பும். 'எந்திரிங்க, வண்டி உங்கள விட்டுட்டுப் போயிருச்சு, எந்திரிங்க'ன்னு. நீங்க காலைல டூட்டிக்கு அப்படிச் சொன்னாத்தான் எந்திரிப்பீங்களாமா. டிரைவர விட்டுட்டு வண்டி எங்கக்கா போகும்னு நான் கேட்டேன். 'அது அவருக்குத் தெரியாது ஜோகி, பாதித் தூக்கத்துல நம்பிக்கிட்டு ஓடுவாரு'ன்னுச்சு." ஜோகி சிரித்தான், சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "அன்னிக்குத்தான் மொதல்ல சொன்னது. நீங்க அந்த நேரம் பாத்து வந்து நிக்கறீங்க."

அதுதானா. இருபத்தாறு வருஷம் அவர் வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அறைக்குள் அவர்தான் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏதோ இளகியது, இளகிக்கொண்டிருக்கும்போதே ஜோகி குனிந்து சாக்கை எடுத்துக்கொண்டு, "இப்பவும் எங்க தோட்டத்துல கொழா உறைஞ்சு பிடிச்சுக்கிட்டா நான் அதேதாங்கண்ணா சொல்றது. பழகிப்போச்சு. இந்த வாரம் ரெண்டு நாள் சொன்னேன், சொன்னாத்தான் தண்ணி வருது" என்றான். இளகியது அப்படியே நின்றுவிட்டது. இந்த வாரம் இரண்டு நாள். எந்திரிங்க, வண்டி உங்கள விட்டுட்டுப் போயிருச்சு. நாலு மணி இருட்டில், அவள் கை தோளில், பாதித் தூக்கத்தில் எத்தனை ஆயிரம் தடவை, ஓய்வு பெற்ற பிறகும் விளையாட்டுக்குச் சொல்வாள், புரட்டாசிக்குப் பிறகு அவர் காதில் அது விழவில்லை, ஒருநாள்கூட, இந்த வீட்டில் எங்கேயும் அது மிச்சம் இல்லை, அலமாரியில் சேலை இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, அந்த வார்த்தை இல்லை. அது வேலிக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. சுவருக்கு வெளியே இருநூறு அடியில், காரட் பாத்தியில், அவன் வாயில், இந்த வாரம் மட்டும் இரண்டு நாள்.

ஜோகி கீழேயிருந்து சுற்றிக்கொண்டு வந்தான். அவர் நுனியைப் பிடித்துக்கொண்டார், பிடிங்க என்று அவன் சொல்லவில்லை, அவராகப் பிடித்தார். தளர்வாக, ஓடு வேய்ந்தது போல, சாக்கு ஏறியது. வெயில் எதிர் மலையின் உச்சிக்குப் போய்விட்டது. "மேல வளைவுல, எல்போவுக்கு, ஒரு பழைய சாக்ஸ் வேணுங்கண்ணா. அங்கதான் மொதல்ல உறையும். அக்கா உங்க காக்கி சாக்ஸத்தான் குடுக்கும், வருஷத்துக்கு ஒண்ணு." ஒற்றைச் சாக்ஸ். டூட்டிக்குக் கிளம்பும்போது ஜோடி இல்லாமல் எத்தனை காலை அவர் கத்தியிருக்கிறார், எலி கொண்டுபோயிருக்கும் என்பாள். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். ஜோடி இல்லாத காக்கிச் சாக்ஸ்கள் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துக் கிடந்தன. ஒன்றை உருவி எடுத்துக்கொண்டார். வெளியே வந்தபோது ஜோகி கைகளை உரசிக்கொண்டிருந்தான்.

"குடுங்க, மாட்டிட்டுப் போறேன்."

"நான் மாட்டிக்கறேன். நீ போ, வெளிச்சம் இருக்கும்போதே உன் குழாயப் பாரு."

"எல்போவ மட்டும் விட்றாதீங்கண்ணா. உறைஞ்சாலும் கொதிக்கக் கொதிக்க ஊத்திராதீங்க, இரும்பு விரிசல் விட்டுரும். கை பொறுக்கற சூடு போதும்."

"கை பொறுக்கற சூடு" என்றார் கனகசபை.

வேலிக் கதவு மூடுகிற வரை நின்றார். அப்புறம் அந்தச் சாக்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வளைவை ஒரு தடவை உள்ளங்கையால் மூடிப் பிடித்தார், அவள் கை வைத்திருந்த இடத்துக்கு இன்னும் கொஞ்சம் மேலே, பிடித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். மூக்கு நசுங்கின கெட்டிலில் தண்ணீர் பிடித்தார், காலையில் குழாயில் வராது அல்லவா, ஒரு குடமும் பிடித்து வைத்தார். பிடித்து முடித்ததும் குழாயைத் திருகினார். நூல் மாதிரி விடவில்லை. ஒரு சொட்டுக்கூட விழாமல், வண்டியின் கைப்பிரேக்கைப் போடுவது போல, இறுக்கி மூடினார். கெட்டிலை அடுப்பின்மேல் வைத்து, பக்கத்தில் தீப்பெட்டியை வைத்தார். நாலு மணிக்கு எழுந்துவிட வேண்டும், ஜோகி எழுவதற்கு முன்னால். எழுப்ப யாரும் இல்லை, அவராகத்தான் எழ வேண்டும். எழுந்து, தண்ணீரைக் கை பொறுக்கிற அளவுக்குச் சுட வைத்து எடுத்துக்கொண்டு போய், அவள் வார்த்தையைச் சொல்ல வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்தார். கட்டிய குழாய் கம்பளி போர்த்தியது போல நின்றது. மொட்டை வளைவின்மேல் அதற்குள் லேசாக ஈரம் படிய ஆரம்பித்திருந்தது.